தப்பி ஓடிய கைதியும், பத்திரிகைக்காரரும், காத்திருந்த மனைவியும்

அடுப்பில் பருப்பு கொதிக்கிறது. கையில் நாவல். போலீஸ் தேடும் கைதி ஒருவன் மழை இரவில் ஒரு வீட்டின் பின்கட்டுக் கதவைத் தட்டுகிறான். திறப்பவள் ஒரு பத்திரிகை நிருபர். இளம் பெண், வீட்டில் தனியாக இருக்கிறாள். கூச்சல் போட வேண்டியவள் போடவில்லை. அவன் முகத்தில் என்னவோ தெரிகிறது அவளுக்கு. "நான் கொலை செய்யலை" என்கிறான். நாம் பக்கத்தைப் புரட்டுகிறோம். பருப்பு பொங்கி அடுப்பை அணைக்கிறது.

இந்த மாதிரிக் கதை ஒன்றைப் படிக்காதவர் நம்மில் யார் இருக்கிறார்கள்? பெயரும் ஊரும் மாறும். சில சமயம் கைதி டாக்டராக இருப்பான், சில சமயம் பணக்கார வீட்டுப் பிள்ளை. பத்திரிகைக்காரி மட்டும் எப்போதும் துணிச்சல்காரி, அழகி, பிடிவாதக்காரி. கொங்கு நாட்டில் இந்த ருசி கொஞ்சம் ஜாஸ்தி என்றே சொல்ல வேண்டும். 1,500-க்கும் மேல் நாவல்கள் எழுதிக் குவித்த ராஜேஷ்குமார் கோயமுத்தூர்க்காரர்தானே! 1980-களில் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடைகளில் கயிறு கட்டி க்ளிப் போட்டுத் தொங்கவிட்ட மாத நாவல்களை ஒரு வீட்டில் வாங்கினால் தெருவே படித்து முடிக்கும். "ஏனுங்க்கா, முடிச்சுப் போட்டீங்களா? கடைசிப் பக்கத்தை மட்டும் சொல்லிப் போடாதீங்க!" என்று காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்கும் அம்மணிகள் எத்தனை பேர்! துப்பறியும் விவேக்கையும் அவர் மனைவி ரூபலாவையும் சொந்த அண்ணன், அண்ணி மாதிரி பேசிக் கொள்வார்கள்.

படிப்பதில் ஒரு தப்பும் இல்லை. நாள் முழுக்க உழைக்கிற மனசுக்கு அது ஒரு ஒத்தடம். அதில் நமக்கு ஏன் அவ்வளவு இன்பம் என்று யோசித்துப் பார்த்தால் காரணம் சுலபமானது. கதாநாயகி அவனை நம்புகிறாள். அந்த நம்பிக்கை பொய்க்காது என்று நமக்கு உள்ளூரத் தெரியும். எழுத்தாளர் அவளைக் கைவிட மாட்டார். 120-ஆம் பக்கத்தில் உண்மைக் குற்றவாளி பிடிபடுவான், 128-ஆம் பக்கத்தில் மாலையும் கழுத்துமாக நிற்பார்கள்.

நிஜத்தில் இப்படி ஒரு கதை நடந்தால், கடைசிப் பக்கம் என்னவென்று தெரியாமல் ஒரு பெண் எப்படி நாளைக் கடத்துவாள்? தமிழ்நாட்டில் அப்படி ஒன்று நடந்தே இருக்கிறது. பத்திரிகைக்காரர் உண்டு, காவலிலிருந்து தப்ப முயன்ற கைதி உண்டு, காதல் உண்டு, கொலை உண்டு, லண்டன் வரை போன வழக்கு உண்டு. கோயமுத்தூருக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. பெரியவர்கள் 'லட்சுமிகாந்தன் கொலை வழக்கு' என்று சொல்லிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாகவதரும் கலைவாணரும் ஜெயிலுக்குப் போன கேஸ் என்றால் இன்னும் சீக்கிரம் ஞாபகம் வரும். அதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது பாகவதரும் இல்லை, கொலையும் இல்லை. டி.ஏ.மதுரம் என்ற ஒரு பெண்மணி.

முதலில் அந்தப் பத்திரிகைக்காரர். நாவலாசிரியர்களுக்குக்கூடத் தோன்றாத ஒரு விசித்திரம் இதில் இருக்கிறது. பத்திரிகைக்காரரும் கைதியும் இரண்டு பேர் இல்லை, ஒருவரேதான்!

சி.என்.லட்சுமிகாந்தனுக்கு வக்கீலாக வேண்டும் என்று ஆசை. படிக்க வசதி இல்லை. கோர்ட்டு வாசலில் வக்கீல்களுக்குக் கட்சிக்காரர்களைப் பிடித்துக் கொடுக்கும் தரகராக ஆனார். அங்கிருந்து பொய்ப் பத்திரம் தயாரிக்கும் வேலைக்குப் போய்ச் சிக்கினார். ஜெயில் தண்டனை கிடைத்தது. சிறைக்குக் கொண்டு போகையில் காவலிலிருந்து தப்பி ஓடிப் பிடிபட்டவர் என்று இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு அந்தமானுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது உலக யுத்த காலத்தில் விடுதலையாகிச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் 1943-இல் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். பெயர் 'சினிமா தூது'.

சினிமாவைப் பற்றிய பத்திரிகை என்றால் விமர்சனம், பாட்டு என்று நினைப்போம். இதில் வந்ததெல்லாம் படுக்கையறை வம்பு. எந்த நடிகர் எந்த நடிகையோடு எங்கே போனார், யார் வீட்டில் என்ன சண்டை என்று பெயர் போட்டும் போடாமலும் எழுதினார். பேரை எழுதாமல் இருப்பதற்குச் சிலர் பணம் கொடுத்தார்கள் என்றும் சொல்வார்கள். பத்திரிகை சுடச்சுட விற்றது. விற்றது என்றால் யாரோ வாங்கினார்கள், இல்லையா? கௌரவமான வீடுகளில் ஆண்கள் வெளித் திண்ணையில் படித்துவிட்டு ஒளித்து வைப்பார்கள், பெண்கள் தேடி எடுத்து அடுக்களையில் படிப்பார்கள். அதில் எழுதப்பட்ட நடிகைகளுக்கும் தாய் தகப்பன் இருந்தார்கள், குழந்தைகள் இருந்தார்கள். நடிகர்களின் மனைவிமார் மறுநாள் கோயிலுக்குப் போக வேண்டும். நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டும். அந்தச் சங்கடத்தை விலையாக வைத்துத்தான் அந்தப் பத்திரிகை பணம் பண்ணியது. கைதியாக இருந்த ஒருவர் திருந்தி வாழ வழி தேடுவதை நாம் கை நீட்டி வரவேற்க வேண்டும். இவர் தேடிக் கொண்ட வழி இதுவாகப் போனதுதான் வருத்தம்.

யுத்த காலம் அது. பத்திரிகை நடத்த சர்க்கார் லைசென்ஸ் வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் மூன்று பேர் அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள். ஒருவர் எம்.கே.தியாகராஜ பாகவதர், இன்னொருவர் என்.எஸ்.கிருஷ்ணன். மூன்றாமவர் நம் கோயமுத்தூர் பட அதிபர், டைரக்டர் எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு. லைசென்ஸ் ரத்தாயிற்று. லட்சுமிகாந்தன் அசரவில்லை. 'இந்து நேசன்' என்ற வேறொரு பத்திரிகையை வாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

சிங்காநல்லூரில் எடுத்த படம்

அந்த நாளில் தமிழ் சினிமா என்றால் சென்னை மட்டும் இல்லை. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. பாகவதரின் 'சிவகவி'யை ஸ்ரீராமுலு நாயுடு டைரக்ட் செய்தார், 1943-இல் வெளிவந்தது. அடுத்து வந்த 'ஹரிதாஸ்' படமும் அந்த ஸ்டூடியோவில் எடுத்ததுதான். பாகவதர், டி.ஆர்.ராஜகுமாரி, கூட கலைவாணர்-மதுரம் ஜோடி. 1944 தீபாவளிக்கு ரிலீஸ். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. நம்ம ஊரில் எடுத்த படம் இப்படி ஓடியது என்று கோவைக்காரர்கள் பெருமைப்பட்டிருப்பார்கள்.

தீபாவளி முடிந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். 1944 நவம்பர் 8. சென்னை வேப்பேரியில் தம் வக்கீல் நண்பரைப் பார்த்துவிட்டுக் கை ரிக்ஷாவில் வந்து கொண்டிருந்த லட்சுமிகாந்தனைச் சிலர் வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். ஆஸ்பத்திரியில் மறுநாள் இறந்து போனார்.

போலீஸ் பலரைக் கைது செய்தது. கவர்னருக்கு மனுக் கொடுத்த மூன்று பேரும் அதில் அடக்கம். சதி செய்து கொலை செய்யத் தூண்டினார்கள் என்று குற்றச்சாட்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரிகளை வைத்து விசாரணை. நாயுடுவுக்காகப் பம்பாயிலிருந்து கே.எம்.முன்ஷி வந்து வாதாடினார். 1945 மே மாதம் தீர்ப்பு வந்தது. நாயுடு குற்றவாளி இல்லை என்று விடுதலை. பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை.

நினைத்துப் பாருங்கள், பிராட்வேயில் 'ஹரிதாஸ்' ஓடிக் கொண்டே இருக்கிறது. தினமும் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக் கொண்டு போய்ப் பாகவதர் பாட்டுக்கு உருகுகிறார்கள். கலைவாணரும் மதுரமும் பேசுவதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். திரையில் சிரிக்க வைத்த கணவன் கம்பிக்குப் பின்னால். மனைவி வக்கீல் வீட்டு வாசலில்.

மதுரத்தின் கதை

மதுரம் திருச்சிப் பக்கத்துப் பெண். 1936-இல் 'வசந்தசேனா' படத்தில் நடிக்கப் புனாவுக்குப் போன இடத்தில் கிருஷ்ணனோடு பழக்கம். அங்கேயே கல்யாணம். அவருக்கு ஊரில் ஏற்கெனவே மனைவி இருப்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் மதுரத்துக்குத் தெரிந்தது என்பார்கள். இந்த இடத்தில் நமக்குக் கோபம் வருகிறது. வரத்தான் வேண்டும். சிரிப்பு நடிகர், நல்ல மனிதர், கொடை வள்ளல் என்பதற்காக இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. மதுரத்துக்கும் கோபம் வந்திருக்கும். ஆனாலும் சேர்ந்து வாழ்ந்தார், சேர்ந்து நடித்தார். தமிழ்ப் படத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சரிக்குச் சரி நின்று, ஒருவரை ஒருவர் கேலி செய்து, பெண்ணும் ஜெயிப்பதை முதலில் ஜனங்கள் ரசித்தது இந்த ஜோடியிடம்தான். அடி உதை இல்லை, ஆபாசம் இல்லை. கிருஷ்ணன் ஒன்று சொன்னால் மதுரம் இரண்டாகத் திருப்பிக் கொடுப்பார்.

அவர் ஜெயிலுக்குப் போன பிறகு இவருக்கு என்ன மிச்சம்? ஒரு நாடகக் கம்பெனி என்றால் நடிகர்கள், பின்பாட்டுக்காரர், சீன் தூக்குகிறவர், சமையல்காரர் என்று ஒரு பட்டாளம். அத்தனை பேருக்கும் மூன்று வேளை சாப்பாடு. வக்கீல் ஃபீஸ் வேறு. ஜோடி போட்டு நடித்தவருக்கு ஜோடி இல்லை என்றால் எந்தப் பட முதலாளி கூப்பிடுவார்?

மதுரம் முடங்கவில்லை. அவருக்குத் துணை நின்றவர் எஸ்.வி.சகஸ்ரநாமம். இவரும் நம்ம சிங்காநல்லூர்க்காரர். என்.எஸ்.கே. நாடக சபாவை அவர் எடுத்து நடத்த, மதுரம் மேடை ஏறினார். 'பைத்தியக்காரன்' என்ற நாடகத்தைப் போட்டார்கள். கூட்டம் வந்தது. சபாவுக்குள் சுமுகமாக எல்லாம் போகவில்லை. கே.ஆர்.ராமசாமி பிரிந்து போய்க் கிருஷ்ணன் பெயரிலேயே வேறொரு நாடக சபா தொடங்கினார். புருஷன் உள்ளே இருக்கும்போது அவர் பெயரிலேயே இரண்டு கம்பெனிகள் என்றால் அந்த வீட்டுப் பெண்ணின் மனசு எப்படி இருந்திருக்கும்? பிறகு 'பைத்தியக்காரன்' படமாகவும் எடுக்கப்பட்டது. கிருஷ்ணன்-பஞ்சு டைரக்ஷன். அதில் மதுரத்துக்கு இரட்டை வேஷம்.

இந்த இடத்தில்தான் நாவலும் வாழ்க்கையும் வேறாகிப் போகின்றன. நாவலில் காத்திருப்பு என்பது ஓர் அத்தியாயம். 'மாதங்கள் உருண்டோடின' என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது. மதுரத்துக்கு மாதங்கள் உருண்டு ஓடவில்லை. ஒவ்வொரு நாளும் விடிந்தது, ஒவ்வொரு நாளும் உலை வைக்க வேண்டியிருந்தது. 1945-இல் உயர் நீதிமன்றத்தில் செய்த அப்பீல் தள்ளுபடி. அத்தோடு பலர் கையை விரித்திருப்பார்கள். இனி ஒரே வழி லண்டன் பிரிவி கவுன்சில். வெள்ளைக்கார நாட்டில், கடல் கடந்து, முகம் தெரியாத நீதிபதிகளிடம் போக வேண்டும். அதற்கு எவ்வளவு பணம், எத்தனை கடிதம், எத்தனை அலைச்சல்! யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. அரிசி ரேஷன், மண்ணெண்ணெய் ரேஷன். அந்த நெருக்கடியில் ராத்திரி மேடையில் ஜனங்களைச் சிரிக்க வைத்துவிட்டுக் காலையில் வழக்குச் செலவுக்குக் கணக்குப் பார்ப்பது சாமானியமா?

பிரிவி கவுன்சில் அப்பீலை ஏற்றுக் கொண்டது. வழக்கை மறுபடி பார்க்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. இந்தத் தடவை வி.எல்.எத்திராஜ் வாதாடினார். (சென்னையில் பெண்களுக்கென்று எத்திராஜ் கல்லூரி இருக்கிறதே, அதை ஏற்படுத்தியவர் இவர்தான்.) சாட்சிகள் சொன்னது நம்பும்படியாக இல்லை என்று நீதிபதிகள் கண்டு, 1947 ஏப்ரலில் பாகவதரையும் கிருஷ்ணனையும் விடுதலை செய்தார்கள். கைதான நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டரை வருஷம். 'பைத்தியக்காரன்' படத்தில் கலைவாணருக்காகக் காட்சிகள் சேர்த்து அதே வருஷம் வெளியிட்டார்கள். அதன் பிறகும் இருவரும் ஜோடியாக 'நல்ல தம்பி' போன்ற படங்களில் நடித்தார்கள். கலைவாணர் 1957-இல் காலமானார்.

பாகவதருக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. வெளியே வந்த பிறகு நடித்த 'ராஜமுக்தி' முதலான படங்கள் ஓடவில்லை. தங்கத் தட்டில் சாப்பிட்டார், ஊருக்கு ஊர் ரயிலை நிறுத்தி ஜனங்கள் பார்த்தார்கள் என்றெல்லாம் சொல்வார்களே, அந்த மனிதர் 1959-இல் ஐம்பது வயது நிரம்பாமலே போய்விட்டார். குற்றமற்றவர் என்று கோர்ட்டு சொன்னது. போன இரண்டரை வருஷத்தை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தரவில்லை.

லட்சுமிகாந்தனைக் குத்தியது யார்? எண்பது வருஷம் ஆகியும் விடை இல்லை. அவர் எழுதியது எவ்வளவு மோசமாக இருந்தாலும், நடுத்தெருவில் வைத்து ஒரு மனிதனைக் கொன்றார்கள். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நாவலாக இருந்தால் இப்படி முடித்தவரைச் சும்மா விடுவோமா?

பக்கத்து வீட்டில் நடந்தால்

இந்தக் காலத்திலும் போலீஸ் ஜீப் ஒரு வீட்டு வாசலில் நின்றால் தெருவே ஜன்னலுக்கு வந்துவிடுகிறது. 'சினிமா தூது' நின்று போய்விட்டது என்று யார் சொன்னது? தண்ணிக் குழாயடியில், கோயில் பிராகாரத்தில், கைப்பேசியில் தினம் தினம் அது வெளிவருகிறது! அந்த வீட்டுப் பெண் கடைக்கு வந்தால் பேச்சு சட்டென்று நிற்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையிடம் "உங்கப்பா எங்கடா?" என்று கேட்பார்கள். அவளுக்கு ராத்திரி தூக்கம் இருக்காது. பசி இருக்காது. கைக்குழந்தை இருந்தால் அவள் சரியாகச் சாப்பிட்டுக் கொள்ளாமல் உடம்பு தளர்ந்து போகும். குழந்தை இன்னும் நச்சு நச்சென்று அழும். ஒரு கிண்ணம் ரசம் சாதம் கொண்டு போய்க் கொடுத்து, "குழந்தையை நான் வெச்சுக்கறனுங்க, நீங்க கொஞ்சம் படுங்க" என்று ஒருத்தர் சொன்னால் போதும். கேஸ் என்ன ஆச்சு என்று கேட்க வேண்டாம்.

சட்ட விஷயம் இரண்டு சொல்லி விடுகிறேன். கதைகளில் வருவதற்கும் நிஜத்துக்கும் இங்கே வித்தியாசம் உண்டு.

காவலிலிருந்து தப்பி வந்தவன் என்று தெரிந்தும் வீட்டில் ஒளித்து வைத்துச் சோறு போடுவது குற்றம். அந்த நாவல் பத்திரிகைக்காரி மேல் நிஜத்தில் வழக்குப் போடுவார்கள், அவன் நிரபராதி என்று அவள் நம்பினாலும் சரி. ஆனால் ஒளித்து வைத்தவர் அவனுடைய மனைவியாகவோ, தப்பி வந்தவள் பெண்ணாக இருந்து ஒளித்து வைத்தவர் அவளுடைய கணவனாகவோ இருந்தால் அந்தப் பிரிவு செல்லாது. 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டம் 212, 216 பிரிவுகளில் அப்படி ஒரு விலக்குக் கொடுத்தது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த விலக்கு தொடர்கிறது. கட்டினவனைக் காட்டிக் கொடு என்று மனைவியைச் சட்டமே வற்புறுத்தவில்லை, பாருங்கள். காதலிக்கு இந்தச் சலுகை கிடையாது, அம்மாவுக்கும் கிடையாது! பெற்ற மனசுக்கு ஏன் இல்லை என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொன்று, மதுரம் போல மேடை ஏறிச் சம்பாதித்து வக்கீலுக்குக் கொடுக்க எல்லோராலும் ஆகுமா? 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் இலவச வக்கீல் உதவி உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. ஜில்லாக் கோர்ட்டு வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும். அங்கே போய் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் வக்கீலை அவர்களே நியமிப்பார்கள். 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தும் கேட்கலாம். நகையை அடகு வைக்குமுன் இந்த எண்ணைச் சுழற்றிப் பாருங்கள்.

நாயுடு எடுத்த படங்கள்

விடுதலையான ஸ்ரீராமுலு நாயுடு என்ன செய்தார்? கோயமுத்தூருக்கே வந்தார். புலியகுளம் பக்கம் பட்சிராஜா ஸ்டூடியோவை நடத்தினார். 1950-இல் அவர் வெளியிட்ட படத்தைப் பாருங்கள். 'ஏழை படும் பாடு'. பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ 1862-இல் எழுதிய நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழாக்கியிருந்தார். அதுதான் மூலம். ஒரு ரொட்டி திருடியதற்கு ஐந்து வருஷம் தண்டனை, தப்பி ஓட ஓடப் பிடித்து அது பத்தொன்பது வருஷமாக நீண்டு போகிறது. வெளியே வந்து பெயரை மாற்றிக் கொண்டு நல்லவனாக வாழ்கிறான். ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் மோப்பம் பிடித்துக் கொண்டே வருகிறார். தாயில்லாத ஒரு பெண் குழந்தையை அவன் எடுத்து வளர்க்கிறான்.

கொலைக் குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நின்று விடுதலையான ஒருவர், ஊர் திரும்பி இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தார். இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட எனக்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் படத்தைப் பார்த்தால் மனசு தானாக முடிச்சுப் போடுகிறது. வி.நாகையா கைதியாக நடித்தார். கே.ராம்நாத் டைரக்ஷன். லலிதா, பத்மினி சகோதரிகளும் உண்டு. தப்பி ஓடிய கைதி குழந்தையைத் தூக்கிக் கொள்கிற காட்சியில் நாகையாவின் கண்ணைப் பார்த்தால், காதல் கதைக் கைதிகள் எல்லாம் கொஞ்சம் வேஷம் போட்டவர்களாகத்தான் தெரிவார்கள். தலைமறைவு மனிதனிடம் அன்பு இருக்கிறதா என்று தெரிந்து கொள்ள அவன் ஒரு பெண்ணிடம் பேசுவதைக் காட்டிலும், ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டுவதைப் பார்ப்பது மேல் என்பது என் கட்சி.

1954-இல் அதே ஸ்டூடியோவிலிருந்து 'மலைக்கள்ளன்' வந்தது. இதுவும் கொங்கு நாட்டுச் சரக்கு. கதை நாமக்கல் கவிஞர் வெ.ராமலிங்கம் பிள்ளை எழுதிய நாவல். கடத்தப்பட்ட பூங்கோதையை, போலீஸ் வலை வீசித் தேடும் ஒரு கள்ளன் காப்பாற்றுகிறான். அவள் அவனை நம்பலாமா கூடாதா? காதலும் மர்மமும் கலந்த சரியான கதை. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் படம் அது. இந்தியில் 'ஆசாத்' என்று திலீப் குமார், மீனா குமாரியை வைத்து எடுத்தார் நாயுடு. தெலுங்கு, மலையாளம், கன்னடம், சிங்களம் என்று ஆறு மொழிகளில் அந்தக் கள்ளன் சுற்றி வந்தான்! மறைந்து திரியும் ஆண்பிள்ளையின் மேல் பெண்மனம் வைக்கும் நம்பிக்கை எந்த பாஷையிலும் விலை போகும் போலிருக்கிறது. பட்சிராஜா ஸ்டூடியோவும் இல்லை, சென்ட்ரல் ஸ்டூடியோவும் இல்லை இப்போது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

'ஏழை படும் பாடு' படத்தில் கைதியை விடாமல் துரத்தும் ஜாவர் இன்ஸ்பெக்டராக வந்தவர் சட்டம் படித்த ஒருவர், பெயர் சீதாராமன். வேஷம் அவ்வளவு பொருந்திப் போய், அதன் பிறகு அவர் 'ஜாவர்' சீதாராமன் ஆனார். அவரே பிற்பாடு 'குமுத'த்தில் 'மின்னல் மழை மோகினி', 'உடல் பொருள் ஆனந்தி' என்று காதலும் மர்மமுமாகத் தொடர்கதைகள் எழுதினார். வாராவாரம் பத்திரிகை போடுகிற பையனுக்காக வாசலில் நின்றார்களே நம் அம்மாக்கள், அவரால்தான். அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். கேட்டால் தருவார்கள். எண்ணெய்க் கை படாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.